சென்னப்பனுக்கு நான் வைத்த பெயர்

மகனே,

உன் காகிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. என் சுகத்தைக் கேட்டிருந்தாய். முழங்கால் வலி போகிற வழியாய் இல்லை. மற்றபடி தின்கிறேன், நடக்கிறேன், இந்த நாக்குக்கு மட்டும் இன்னும் வயசாகவில்லை. அரூர் தாலுகா ஆபீஸ் வேலைக்குப் போன இடத்தில் உனக்குக் கிடைத்த அறை, அதன் ஒழுகுகிற ஓடு, சாப்பாட்டுக் கடைக்காரன் குழம்பில் ஊற்றுகிற தண்ணீர், எல்லாவற்றையும் படித்துச் சிரித்தேன். கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வாத்தியார் இருக்கிறாராம். சாயங்காலத்தில் கூலிக்காரர்களை உட்கார வைத்துப் பேப்பர் படித்துக் காட்டுகிறாராம். அவரைப் பற்றி மேலிடத்திலிருந்து உன்னை அறிக்கை கேட்டிருக்கிறார்களாம். ‘ஆள் கம்யூனிஸ்டு மாதிரிதாம்மா தெரியுது, அப்படியே எழுதிடலாம்னு இருக்கேன். அப்பா மணியக்காரரா இருந்தப்ப இந்த மாதிரி ரிப்போர்ட்டெல்லாம் எப்படி எழுதுவார்? பெட்டியில பழைய நகல் ஏதாச்சும் இருந்தா அனுப்பு’ என்று கேட்டிருக்கிறாய். வருகிற திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம்.

நகல் இருக்கிறது. அனுப்பமாட்டேன். உன் அப்பா ஒரு ரிப்போர்ட்டும் எழுதியதில்லையடா. நீ ரெட்டைக் குடுமி போட்டுக்கொண்டு தவழ்ந்த காலத்திலேயே அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. வெளியே தெரிந்தால் மணியம் போய்விடும் என்று பயம். நான் தர்மபுரியில் என் மாமன் வீட்டில் இருந்துகொண்டு ஐந்தாவது வரை படித்தவள். தாலுகாவிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் நான் படித்துச் சொல்வேன், அவர் பதில் சொல்வார், நான் எழுதுவேன். அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தால் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து மட்டும்தான் அவருடையது. அப்படி எழுதிய காகிதங்களில் ஒன்றே ஒன்றை அவர் சொல்லாமல் நானே எழுதினேன். அந்த ஒன்றைப் பற்றி உனக்குச் சொல்லத்தான் இத்தனை நாள் கழித்துப் பேனாவைத் தொடுகிறேன். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். வெட்கத்தையே தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

நம் ஊர் மேற்குத் தெருச் சென்னப்பன் மாமாவை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பாய். உனக்கு என்ன தெரியும்? ஊரே அவரை ‘கம்யூனிஸ்டு’ என்று கூப்பிடுகிறது. ‘கம்யூனிஸ்டு காட்டுல ஆடு மேயுது’, ‘கம்யூனிஸ்டு வூட்டுல மாடு கன்னு போட்டிருக்கு’ என்று சொல்கிறார்கள். தாய் வைத்த பெயர் மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம், அவர் தாத்தா காலத்தில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள். வரும்போதே உழைப்பையும் ராகிக்குழி வெட்டுகிற கையையும் கொண்டு வந்தார்கள். அவர் வீட்டுக் குழி நம் ஊரிலேயே பெரிசு. வாய் சின்னது, ஓர் ஆள் நுழைகிற அளவு. உள்ளே போகப் போக வயிறு அகன்று இரண்டு ஆள் ஆழம். சுற்றிலும் வைக்கோல் பிரி கொடுத்து, ராகியைக் கொட்டி, பலகைக்கல் போட்டு மண்ணால் மெழுகிவிட்டால் ஏழெட்டு வருஷம் பூச்சி தொடாது. ஒன்று மட்டும் உண்டு. மூடிக் கிடந்த குழிக்குள் கெட்ட காற்று நிற்கும். கல்லைத் தள்ளி அரை நாளாவது ஆறப்போட்டு, கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்து, விளக்கு நின்று எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். அவசரப்பட்டு இறங்கியவனைக் கயிறு போட்டுத்தான் தூக்க வேண்டியிருக்கும், பேச்சு மூச்சு இருக்காது.

அவருக்கு நான் வைத்ததுதான் முதல் பெயர் என்றும் நினைத்துவிடாதே. உப்புக் காய்ச்சின காலத்தில் பாலக்கோட்டுச் சந்தையில் கதர்க்காரர்கள் சீமைத் துணியைக் குவித்துக் கொளுத்தினார்கள். நான் புதுப்பெண், உன் அப்பாவோடு வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவேசத்தில் எவனோ ஒருவன், சந்தைக்கு விறகு கொண்டு வந்த கிழவி ஒருத்தி தோளில் போட்டிருந்த துணியையும் பிடுங்கி நெருப்பில் எறிந்துவிட்டான். அவளுக்கு மேலுக்கு இருந்ததே அது ஒன்றுதான். இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டாள். சென்னப்பன் அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் நெருப்புக்குள் கையை விட்டுத் துணியை உருவி, காலால் மிதித்து அணைத்து அவள்மேல் போர்த்தினார். ‘சர்க்கார் அடிவருடி’ என்று கூச்சல் போட்டார்கள். முழங்கை வரைக்கும் வெந்துபோன கையோடு நடந்து வந்தவருக்கு அந்த வருஷ அறுவடை வரைக்கும் அதுதான் பெயர். இரண்டு வருஷம் கழித்து, அதே கதர்க்காரர்கள் போலீசிடம் அடிபட்டு மண்டை உடைந்து நம் ஊர் வழியாக வந்தபோது, ஊரில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டோம். அவர் வீடு மட்டும் திறந்திருந்தது. நாலு நாள் வைத்திருந்து களியும் கஞ்சியும் கொடுத்து அனுப்பினார். இப்போது போலீஸ்காரர்கள் ‘கதர்க்காரன்’ என்றார்கள். அந்த மனுஷன் இடுப்பில் கட்டியிருந்ததோ அப்போதும் அதே பழைய மில் வேட்டிதான்.

யுத்தம் தொடங்கிய மறு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சோளம் கருதோடு காய்ந்தது, சாமை முளைக்கவே இல்லை. நம் வீட்டுக் குழியில் முந்தின வருஷமே ஊற்றுத் தண்ணீர் கசிந்து, திறந்து பார்த்தால் ராகியெல்லாம் கறுத்துக் கட்டிபட்டு நாறியது. ஊரை ஆளுகிற மணியக்காரர் வீட்டில் அடுப்புக்கு வழியில்லை என்று வெளியே சொல்ல முடியுமா? அப்போதுதான் சென்னப்பன் அண்ணன் தம் குழியைத் திறந்து, பசிக்கிறவர்கள் கூடையோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நான் கூடைமேல் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு போனேன். அங்கே போனால் வரிசை. எனக்கு முன்னால் சேரியிலிருந்து வந்த எட்டுப் பத்துப் பேர். ஒதுங்கி நிற்க வைக்கவில்லை, தனியாகக் கொட்டவில்லை, வந்தபடிக்கு ஒரே வரிசை. நான் வரிசையைத் தாண்டி நேரே குழியண்டை போய் நின்றேன். மணியக்காரர் பெண்சாதி அல்லவா! அவர் படியால் அளந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார். “வாங்க தாயி. அப்பிடி வரிசையில நில்லுங்க. முன்னால வந்தவங்க வாங்கிக்கட்டும். தீந்து போவாது” என்றார். ஒரு குத்தலும் இல்லை அந்தக் குரலில். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரித்தது என்னைப் பார்த்துத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வரிசையில் நின்றேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து திரித்துக் களி கிண்டினேன். உன் அப்பா தின்றார், நீ தின்றாய், நான் தின்றேன். கை கழுவிவிட்டு உட்கார்ந்தபோது தலையாரி தாலுகாவிலிருந்து ஒரு காகிதம் கொண்டு வந்தான். யுத்த சமயத்தில் சர்க்காருக்கு விரோதமாக ஜனங்களைத் திரட்டுகிறவர்கள் ஊரில் உண்டா, உண்டானால் பெயர், கட்சி. மாதாமாதம் வருகிறதுதான். ‘யாரும் இல்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்புவது வழக்கம். உன் அப்பா கட்டிலில் சாய்ந்தபடி, “வழக்கம்போல எழுதிரு” என்றார். நான் பேனாவை எடுத்தேன். சந்தையில் வாங்கின வெல்லம் சுற்றி வந்த பேப்பர்த் துண்டு ஒன்று அடுப்படியில் கிடந்தது. அதில் மூன்று நாளைக்கு முன்னால்தான் அந்த வார்த்தையைப் பார்த்திருந்தேன். கம்யூனிஸ்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அப்படிப்பட்டவர்களைச் சர்க்கார் பிடித்துப் போடுகிறது என்பது மட்டும் தெரியும். ‘சென்னப்பன், மேற்குத் தெரு. எல்லா ஜாதி ஜனங்களையும் ஒன்றாகக் கூட்டுகிறான். கம்யூனிஸ்டு’ என்று எழுதினேன். மை காய்வதற்குள் உன் அப்பாவின் விரலைப் பிடித்து வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். “என்னா இன்னிக்கி ரெண்டு வரி எழுதற மாதிரி இருந்துச்சு?” என்று கேட்டார். “பேனா சரியா ஓடலீங்க” என்றேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருப்பாய். உண்ட களி வயிற்றில் செரிக்கும் முன்னாலேயே செய்தவள் உன் தாய்தான்.

பத்து நாள் கழித்து, காலை வெயில் ஏறுகிற நேரம், ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்து இறங்கினார்கள். மணியக்காரர் கூட வர வேண்டும் என்றார்கள். கண் விஷயம் தெரியாமலிருக்க, காய்ச்சல் என்று சொல்லி உன் அப்பாவின் கையைப் பிடித்து நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு அண்ணன் மறுபடியும் குழியைத் திறந்து ஆறப்போட்டிருந்தார். ஜனங்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் சப்-இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. “உள்ள என்னய்யா பதுக்கி வெச்சிருக்க? நோட்டீஸா, துப்பாக்கியா?” என்றார். “ராகிங்க சாமி” என்றார் அண்ணன். “ஏய், எறங்கிப் பார்ரா” என்று அந்த இரண்டு பேரில் சின்னவனை ஏவினார். அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குழி வாயில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டான். அண்ணனுக்குப் பதற்றம் வந்தால் வீட்டுக் கன்னடம்தான் வரும். “பேடா சாமி, பேடா! எறங்காதீங்க, வெளக்கு எறக்கிப் பாக்கணும்!” என்று கத்திக்கொண்டு ஓடிப் போய் அவனை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மற்றவன் தடியால் முதுகில் அடித்தான். விடவில்லை. இன்னும் அடித்தான். கூட்டம் வாயைத் திறக்கவில்லை, நானும்தான். அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு, “காவேரீ, வெளக்கக் கொண்டாடி!” என்று பெண்சாதியைக் கூவினாரே தவிரப் பிடியைத் தளர்த்தவில்லை.

காவேரி நிறைமாத வயிற்றோடு ஓடி வந்தாள். விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினாள். ஓர் ஆள் ஆழம்கூடப் போகவில்லை, சுடர் சுருங்கிப் பொட்டென்று அணைந்தது. மேலே இழுத்து மறுபடியும் ஏற்றி இறக்கினாள். மறுபடியும் அதே இடத்தில் அணைந்தது. தடி வைத்திருந்தவன் கை தானாகக் கீழே இறங்கியது. குழி வாயில் உட்கார்ந்திருந்தவன் மெல்லக் காலை வெளியே எடுத்தான், அவன் உதடு வெளுத்திருந்தது. தன்னைப் பிடித்துக்கொண்டு போக வந்தவன்தான் என்று அண்ணனுக்குத் தெரியாதா? தெரியும். நினைக்க நினைக்க எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறதடா. கோயில் குளமெல்லாம் சுற்றியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குழி வாயண்டை நின்றபோது தானாகக் குவிந்த என் கை எந்தச் சந்நிதியிலும் அப்படிக் குவிந்ததில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். விலங்கு மாட்டச் சொன்னபோது அந்தச் சின்னவன் மாட்டத் தெரியாதவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றான், மற்றவன்தான் மாட்டினான். போகிறபோது அண்ணன் ஜனங்களைப் பார்த்து, “உச்சிப்பொழுது வரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது. வெளக்கு நின்னு எரிஞ்சாத்தான் எறங்கணும், ஆமா” என்றார். அவ்வளவுதான் அவர் பேசினது.

இன்னொன்றும் அன்றைக்கே நடந்தது. அதை ஊர் வேறு மாதிரி வைத்திருக்கிறது. உன் அப்பா சப்-இன்ஸ்பெக்டரிடம், “இவரு ஒரு தப்புக்கும் போவாத ஆளுங்க. ஆரோ தப்பாச் சொல்லியிருக்காங்க” என்றார். “என்னய்யா வெளையாடறீங்களா? நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?” என்று அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஊர் கேட்கப் படித்தார். அன்றைக்கு நான் இரண்டு வரி எழுதினது உன் அப்பாவுக்கு நினைவு வந்திருக்கும். ஒன்றுக்கும் உதவாத அந்தக் கண்களை என் பக்கம் திருப்பினார். பிறகு, “ஆமாங்க. நான் எழுதினதுதான்” என்றார். பெண்சாதி எழுதினாள் என்று சொல்லியிருந்தால் அவர் மணியம் போயிருக்கும், உண்மைதான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். காறித் துப்புவதற்குக் கூட்டம் என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்?” “தெரியலீங்க” என்றேன். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாளே முன்னே எழுதினது தவறு என்று ஒரு மனு எழுதச் சொன்னார். எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது எழுதினோம். மூன்றாவதுக்கு ஒரு பதில் வந்தது: அந்த ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறீரே, நீரும் அந்தக் கட்சியா என்று. பார்த்தாயா? அந்தப் பெயரைப் போட்ட ஆளே போய்க் கழற்றினாலும் கழற்ற முடியவில்லை, போட்டவன் கழுத்துக்கே அது வருகிறது. ஒன்றரை வருஷம் உள்ளே வைத்திருந்தார்கள். அவர் ராகியைத் தின்ற ஊர் அவர் வாசலை மிதிக்கப் பயந்தது. கூலிக்கு ஏர் பூட்டவும் ஆள் வரவில்லை. காவேரிக்கு வலி எடுத்தபோது மருத்துவச்சியே வரமாட்டேன் என்றாள், நான் போய் அவள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். புண்ணியத்துக்குச் செய்யவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டது. நீயும் சும்மா இருந்தாயா? அன்றைக்குப் பிறந்த அந்தப் பிள்ளையின் அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் ‘கம்யூனிஸ்டு மவனே’ என்று கேலி பேசி, அவன் சிலேட்டை உடைத்துவிட்டு வந்தாய். உன் முதுகில் ஒன்று வைக்க எனக்குக் கை எழும்பவில்லை. எந்த முகத்தோடு அடிப்பேன்?

அவர் திரும்பி வந்தபோது பாதி ஆளாய் வந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மணியக்காரர் முன்னால் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு. வருவார், கும்பிடுவார், நான் மோர் கொடுப்பேன், புத்தகத்தில் ‘வந்தான்’ என்று எழுதுவேன். உன் அப்பாமேல் ஒரு கோபம், ஒரு முகச்சுளிப்பு? ஒன்றும் கிடையாது. “ஏதோ மேலேர்ந்து நெருக்கியிருப்பாங்க, மணியகாரரு என்னா பண்ணுவாரு” என்று ஊரில் அவரே பரிந்து பேசினாராம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு திங்கட்கிழமை மோரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தபடி, “தாயி, நீங்க படிச்சவங்க. அந்தக் கம்யூனிஸ்டுன்னா என்னாங்க? உள்ள நெசமாவே அந்தக் கட்சிக்காரங்க ரெண்டு பேரு இருந்தாங்க, தங்கமான பசங்க. நீ எப்ப கட்சியில சேந்தேன்னு கேட்டாங்க. எனக்கு அந்தப் பேரே வாயில நொழயிலீன்னேன். சிரிசிரின்னு சிரிச்சுப்புட்டு, பொறவு ஒருத்தன் அழுதான்” என்றார். “தெரியலீங்கண்ணா” என்றேன். அவர் போன பிறகு உள்ளேயிருந்து உன் அப்பா, “இப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே” என்றார். “நீங்களே சொல்லிருங்க” என்றேன். “என் வாயால சொன்னா நான் தப்பிச்சுக்கப் பாக்கறேன்னு ஆயிரும். நீ சொன்னாத்தான் அது சொன்னது” என்றார். நான் சொல்லவில்லை.

சுயராஜ்யம் வந்ததும் வேடிக்கையைக் கேள். ஜெயிலுக்குப் போனவர்கள் பட்டியல் எடுக்க வெள்ளை வெளேரென்று கதர் போட்ட ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் யுத்த காலத்தில் கலெக்டர் துரைக்கு மாலை போட்டவர், எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். அவர் பெயருக்கு முன்னால் இப்போது ‘தியாகி’ இருந்தது. சென்னப்பன் அண்ணனிடம், “நீங்க எந்தப் போராட்டத்துல கைதானீங்க?” என்று கேட்டார்கள். “போராட்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ராகிக் குழிதாங்க” என்றார் இவர். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அப்படியானால் நீங்கள் தியாகி இல்லை என்று பட்டியலில் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். இவர் வெந்த தழும்புக் கையால் தாடையைச் சொறிந்துகொண்டு, “நல்லதாப் போச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாச்சு” என்று எழுந்து போனார். உன் அப்பா செத்தபோது கொள்ளிச்சட்டி ஏந்தி நீ முன்னால் நடந்தாய், திரும்பிப் பார்க்கவில்லை. பாடையின் முன்கொம்பைத் தோளில் தாங்கி வந்தவர் அவர்தான். என்னால் அந்தக் காட்சியைப் பார்க்க முடியவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் இருக்க முடியுமா என்று ஆச்சரியத்தில் எனக்கு ஒப்பாரிகூட வரவில்லை. நான் அழாததையும் ஊர் வேறு மாதிரிப் பேசியது.

கட்சிப் பெயரே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அண்ணனோடு ஜெயிலில் இருந்த அந்த இரண்டு பிள்ளைகள் தங்களைக் கம்யூனிஸ்டு என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொண்டவர்கள். இன்ன காரியத்துக்காக நான் நிற்கிறேன், அடித்தாலும் நிற்பேன் என்று ஒருவன் தானே சூட்டிக்கொள்கிற பெயர் அது. கதர்க்காரர்களில் மண்டை உடைந்து வந்தவர்களுக்கும் அப்படித்தான். அதற்கு ஒரு மரியாதை உண்டு. நான் செய்தது வேறு. எனக்கு ஒரு கோபம் இருந்தது. அதற்குச் சொந்தப் பெயர் வெறும் அகங்காரம். அந்தப் பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், சர்க்காருக்குப் பிடிக்காத பெயர் ஒன்றைத் தேடி எடுத்து இன்னொருவர்மேல் ஒட்டினேன். இன்று உன் ஆபீஸில் அதைத்தான் கேட்கிறார்கள். நாளைக்கு ஆட்சி மாறினால் வேறு வார்த்தையைக் கேட்பார்கள். கேட்கிற வார்த்தையைக் கொடுத்துவிடுவது சுலபம், அரை நிமிஷ வேலை.

அந்த வாத்தியார் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, உன் நாலு வரியிலேயே அது தெரிகிறது. ‘மாதிரிதான் தெரியுது’ என்று எழுதியிருக்கிறாயே, யாருக்குத் தெரிகிறது? நீ அந்தக் கிராமத்துக்குப் போனாயா? அவர் படித்துக் காட்டுகிறதை உட்கார்ந்து கேட்டாயா? அவருக்குக் குழந்தை குட்டி எத்தனை என்றாவது தெரியுமா? போடா, முதலில் போய்ப் பார். பார்த்ததை எழுது, கேட்டதை எழுது, இன்ன கிழமை இன்ன பேப்பர் படித்தார், இத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுது. அவர் தன்னை என்ன சொல்லிக்கொள்கிறார் என்று அவரையே கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடி எழுது. அதற்குமேல் ஒரு சொல் வேண்டும் என்று அவர்கள் நெருக்கினால், தெரியவில்லை என்று எழுதக் கையைப் பழக்கிக்கொள். வேலை போய்விடும் என்றால் போகட்டும். வந்து ஏர் பிடி. உன்னை ராகிக் களி போட்டு வளர்த்தவள், இன்னும் கொஞ்ச நாளைக்குப் போட மாட்டேனா?

இந்தக் காகிதத்தை நான் தபாலில் போடவில்லை என்பது உனக்குத் தெரியும். உன் கையில் கொண்டு வந்து கொடுத்தவர் அண்ணன்தான். தீர்த்தமலைக்குப் போகிறேன், பையனுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று கேட்டார். கொடுத்தனுப்பினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. பத்து வருஷமாய்ச் சுமந்ததை அவர் மடியிலேயே கட்டி அனுப்பியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. நேரே பார்த்துச் சொல்லத் துணியாமல் பிள்ளையை ஏவுகிறேன், கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவர் இப்போது உன் அறை வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார், நீ சொல்லாமல் உள்ளே வந்து உட்காரமாட்டார். எழுந்து போய்க் கூப்பிடு. நாற்காலியில் உட்கார வை, குடிக்கத் தண்ணீர் கொடு. பிறகு இந்தக் காகிதத்தை முதல் வரியிலிருந்து அவருக்கு உரக்கப் படி. நான் எழுதின இடம் வரும்போது குரலைத் தாழ்த்தாதே, ஒரு சொல்லை விட்டுவிடாதே. ‘ஆமாங்க. நான் எழுதினதுதான்’ என்று உன் அப்பா பழியை ஏற்றுக்கொண்ட அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தரம் படி.

சனிக்கிழமை பஸ்ஸில் அவர் ஊர் திரும்புவார். நான் மேற்குத் தெரு முனையில் நின்றிருப்பேன். என்னை அவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரோ, அந்தப் பெயருக்கு நான் ‘ஏனுங்க’ என்று குரல் கொடுப்பேன்.

உன் அம்மா